கிள்ளான் தவளை சொன்ன ஒரே பொய்

அத்தியாயம் 5

"மேடம், நான் ஒரு தவளையைக் கொன்னுட்டேன்."

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் அலுவலகம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த இளைஞன் வந்ததும் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

சிவமலர் பேனாவை மூடி வைத்தாள். அரசாங்க மொழிபெயர்ப்புப் பிரிவில் பதினெட்டு வருஷம் பிறர் எழுதியதைத் திருத்திக் களைத்துப்போய், பிறர் மறைத்ததைத் தேடக் கிளம்பியவள் அவள். வயது நாற்பத்தாறு. எந்த வாக்கியத்தைக் கேட்டாலும் முதலில் அதில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பாள். இதில் பிழை இல்லை.

"அதுக்கு வேற ஆபீஸ் இருக்கு தம்பி" என்றார் சபாபதி, கோப்பியை ஆற்றியபடி. "நாங்க மனுஷங்க கேஸ்தான் பார்ப்போம். அதுவும் எப்பவாச்சும்தான் வரும்."

சபாபதி முன்பு லோரி ஓட்டியவர். இப்போது அவருக்கு இங்கே மூன்று வேலை: கார் ஓட்டுவது, கதவைத் திறப்பது, யாரும் கேட்காமலே கருத்துச் சொல்வது. மூன்றாவதை ஓவர்டைம் போட்டுச் செய்வார்.

"நிஜத் தவளை இல்லண்ணே. ஒரு பேஜ். 'கிள்ளான் தவளை'ன்னு..."

கோப்பி மேசையில் சிந்தியது.

"அடப்பாவி! அது நீயா? நான் அந்தத் தவளையோட ரசிகன் லா! சனிக்கிழமை காலைல பார்த்தா பேஜையே காணோம். என் பொண்டாட்டி ஊருக்குப் போனப்பகூட நான் அவ்வளவு தேடல."

"அண்ணே, அவர் பேசட்டும்" என்றாள் சிவமலர்.

இளைஞன் பெயர் செல்வகுமார். மன்னார்குடிக்காரன். வேலை பெர்மிட்டில் கோலாலம்பூர் வந்து இரண்டு வருஷம். ஒரு பெரிய சமூக வலைத்தளத்துக்காகத் தமிழில் வரும் பதிவுகளைப் பார்த்து, இது இருக்கலாம், இது போகலாம் என்று முடிவு செய்யும் குத்தகை நிறுவனம் ஒன்றில் வேலை.

"ஒரு பதிவுக்கு ஒன்றரை நிமிஷம்தான் மேடம் டைம். வெள்ளிக்கிழமை அந்தத் தவளை பேஜ் மேல முன்னூத்திப் பன்னெண்டு ரிப்போர்ட் வந்துச்சு. எல்லாம் ஒரே பதிவைப் பத்தி. படிச்சேன், பொய்யின்னு தெரிஞ்சுது. உயிர்ச்சேதம் பத்தின பொய்க்குப் பேஜையே மூடணும்னு ரூல். மூடிட்டேன். அப்புறம் சும்மா பழைய பதிவுகளைப் படிச்சுப் பார்த்தேன். இருநூறுக்கு மேல இருக்கு. ஒண்ணுலகூடப் பொய் வாடை அடிக்கல. சிரிப்பும் வயித்தெரிச்சலும்தான் இருக்கு. வெள்ளத்தை இறைக்கிற பம்ப் ஓடல, பம்ப் ஓடலன்னு மூணு வருஷமா கத்தியிருக்கு அந்தத் தவளை."

"இப்ப என்ன செய்யணும்?"

"பேஜ்காரங்க அப்பீல் போட்டிருக்காங்க. அது வேற ஆளுக்குப் போகணும், அவர் லீவு. அதனால என்கிட்டயே திரும்பி வந்துருச்சு. ரெண்டு மணிக்கு எனக்கு ஷிப்ட், அஞ்சு மணிக்குள்ள முடிவு சொல்லணும். திறந்தா, பொய்யைத் திறந்துவிட்ட மாதிரி. மூடினா..." அவன் தயங்கினான். "வியாழக்கிழமை பெரிய மழைன்னு சொல்றாங்க. கடல் ஏத்தமும் அன்னைக்குத்தான். பம்ப் நிஜமாவே ஓடலன்னா, அந்தத் தாமான் குடியிருப்புல இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேற யாரும் இல்ல மேடம். இதை வெளிய பேசுறதே தப்பு. தெரிஞ்சா வேலையும் போயிரும், பெர்மிட்டும் போயிரும்."

"எனக்கு அந்தப் பதிவு வேணும்."

"ஆபீஸுக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்க..."

"என்கிட்ட இருக்கு" என்று சபாபதி தன் கைப்பேசியை நீட்டினார். "நான்தான் மூணு வாட்சாப் குரூப்புக்கு அனுப்பினேன்." சொன்ன பிறகுதான் அதில் பெருமைப்பட ஏதுமில்லை என்று அவருக்கு உறைத்தது.

சிவமலர் படித்தாள். பம்ப் அறையின் புகைப்படம். அதன் கீழே:

'மூன்று தொழிலாளர்கள் காலைச் சிற்றுண்டி அருந்திவிட்டுத் திரும்பியபோது பம்ப் அறையில் மின்சாரம் பாய்ந்து உயிரிழந்தனர். அவர்களது உடல்கள் கழிவுநீர்க் கால்வாய் வழியே இரகசியமாக அப்புறப்படுத்தப்பட்டன. குவாக் லா!'

"பழைய பதிவு ஒண்ணு காட்டுங்க அண்ணே."

எல்லாவற்றையும் சேமித்து வைத்திருந்ததால் சபாபதிக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. 'டேய் கம்பெனி! பம்ப் ஓடுதுன்னு சொல்றியே, அப்புறம் ஏன்டா என் லோங்கா சோபா மேல ஏறி உட்காருது? பசியாறிட்டு வந்து பார்த்தா வீட்டுக்குள்ள கெண்டை மீன் டிவி பார்க்குது. குவாக் லா!'

சிவமலர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூணு வருஷமா லோங்காவில குடியிருக்கிற தவளை, வெள்ளிக்கிழமை மட்டும் தன் வீட்டுப் பேரை மறந்துட்டுது. கழிவுநீர்க் கால்வாயாம். பசியாறுறதையும் மறந்து சிற்றுண்டி அருந்தியிருக்கு."

"புரிஞ்சிருச்சு பாஸ்!" சபாபதி துள்ளினார். "நம்ம ஆளுங்க யாரும் இப்படி எழுத மாட்டாங்க. இது ஊர்லேர்ந்து வந்தவன் வேலை. கம்பெனிக்காரன் இந்தியாவிலேர்ந்து ஆள் பிடிச்சு, பேஜை ஹேக் பண்ணி..." அவர் பார்வை மெதுவாகத் திரும்பி மன்னார்குடியில் நின்றது.

"அண்ணே, எங்க ஊர்ல யாரு சிற்றுண்டி அருந்துறா?" என்றான் செல்வகுமார், உண்மையான வருத்தத்துடன். "நாங்க டிபன் சாப்பிடுவோம். லோங்காவைச் சாக்கடைன்னுவோம். இந்த மாதிரி நான் பத்தாவது கேள்வித்தாள்லதான் படிச்சிருக்கேன்."

"ஓம்" என்றாள் சிவமலர். யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து அவளிடம் மிச்சம் இருந்த சொல் அது. கேஸ் பிடித்துப்போனால் மட்டும் வெளியே வரும். "மலேசியாக்காரர் பேசாத தமிழ், இந்தியாக்காரரும் பேசாத தமிழ். அண்ணே, காரை எடுங்க. பம்பைப் பார்த்துக்கிற அந்தக் கம்பெனி என்ன சொல்லுது? எப்ப பம்பைச் சோதிக்கிறாங்களாம்?"

"ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பதினோரு மணிக்கு" என்றான் செல்வகுமார். "அறிக்கை விட்டிருக்காங்க."

"இன்னைக்குத் திங்கட்கிழமை" என்றாள் சிவமலர்.

*

கிள்ளானின் தாமான் மெலூரில் பம்ப் அறை, ஆற்றங்கரையை ஒட்டிக் கம்பி வேலிக்குள் இருந்தது. தகரக் கூரை. பத்தே முக்காலுக்கு மூவரும் போய்ச் சேர்ந்தபோது வேலிக்குள் ஓர் ஆள் தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து பீங்கான் கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இங்க மூணு பேர் செத்துட்டாங்களாமே?" சபாபதி வேலிக்கு வெளியே நின்று கேட்டார்.

"ஆமா பாஸ்" என்றான் அந்த ஆள். "நான்தான் ரெண்டாவது."

பெயர் ரஃபிக். வங்காளதேசத்துக்காரன். முன்பு தமிழர் கடையில் ரொட்டி வீசிய காலத்தில் தமிழ் பழகியிருந்தான்.

"ஒருநாள் சுவிட்சுல கை வெச்சேன். சின்ன ஷாக். கை இப்படி ஆச்சு, அவ்வளவுதான். அடுத்த வாரம் பார்த்தா போன்ல நான் செத்துட்டேன். யாரோ எங்க பாஷையில மாத்தி ஊருக்கு அனுப்பிட்டான். பொண்டாட்டி அழுவுது. நான் சாகலன்னு சொன்னா நம்பல. வீடியோ கால் போட்டேன். 'இது பழைய வீடியோ'ன்னு சொல்லுது."

சபாபதிக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பேசியைச் சட்டைப் பையின் அடியாழத்தில் தள்ளினார்.

"இப்ப நம்பிட்டாங்களா?" என்று சிவமலர் கேட்டாள்.

"அம்மாவுக்கு என்ன வாங்கி அனுப்பினேன்னு கேட்டுச்சு. கரெக்டா சொன்னேன். ரெண்டு நாள் ஆச்சு, நம்ப."

பதினோரு மணிக்கு மேற்பார்வையாளர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஸ்விட்ச் போடப்பட்டது. எஞ்சின் உறுமியது. தகரக் கூரை நடுங்கியது. கரும்புகை எழுந்தது. மேற்பார்வையாளர் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்து கைப்பேசியில் படமெடுத்தார்.

செல்வகுமாரின் முகம் தொங்கிப்போயிற்று. "ஓடுதே மேடம்!"

சிவமலர் அங்கே இல்லை.

அவள் வேலியை ஒட்டியே நடந்து பின்பக்கம் போயிருந்தாள். அறையிலிருந்து கிளம்பிய ஒரே ஒரு பெரிய குழாய் அங்கே ஆற்றின் மேல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பம்ப் ஓடினால் தாமானின் மழைத்தண்ணீர் முழுவதும் அந்த வாய் வழியாகத்தான் ஆற்றில் விழ வேண்டும். அவள் கைப்பேசியைக் குழாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இருவரும் ஓடி வந்தார்கள். எஞ்சின் சத்தத்தில் பேசவே முடியவில்லை. சிவமலர் விரலை நீட்டினாள்.

ஒரு மைனா புழுவுடன் வந்து குழாயின் விளிம்பில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து அவர்களைப் பார்த்தது. பிறகு சாவதானமாக உள்ளே நடந்து போயிற்று. காய்ந்த புல்லும் பிளாஸ்டிக் நாடாவும் கலந்த கூட்டிலிருந்து மஞ்சள் அலகுகள் நான்கு மேலெழுந்து திறந்தன.

எஞ்சின் பத்து நிமிஷம் உறுமிவிட்டு நின்றது. குழாயிலிருந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

"வாராவாரம் சோதனையாம்" என்றார் சபாபதி. "குஞ்சுங்க எல்லாம் இந்நேரம் நீச்சல் சாம்பியன் ஆகியிருக்கணுமே!"

திரும்பி வரும்போது சிவமலர் ரஃபிக்கிடம் கேட்டாள்: "பம்ப் ஓடுதா தம்பி?"

ரஃபிக் மேற்பார்வையாளரின் முதுகைப் பார்த்தான். "எஞ்சின் நல்லா ஓடுது அக்கா" என்றான். 'எஞ்சின்' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னான்.

காரில் ஏறியதும் செல்வகுமார் தலையைப் பிடித்துக்கொண்டான். "சாவுச் செய்தி பொய். பம்ப் ஓடலங்கிறது உண்மை. ரெண்டும் ஒரே பேஜ்ல. நான் எதை நம்புறது?"

"பேஜை நம்பவும் வேண்டாம், நம்பாமலும் இருக்க வேண்டாம்" என்றாள் சிவமலர். "ஒவ்வொரு பதிவா பார்க்கணும். முதல்ல அந்த ஒண்ணை எழுதினது யாருன்னு பார்ப்போம்."

*

தவளைப் பேஜை நடத்தியவள் குமுதா. தாமான் மெலூரில் ஸ்கூல் வேன் ஓட்டுபவள். வேனின் பின்கண்ணாடியில் தவளைப் படம் ஒட்டியிருந்ததால் அவளைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவைப்படவில்லை. பேஜின் கடவுச்சொல் மூன்று பேரிடம் இருந்தது. மற்ற இருவரையும் குமுதாவே முச்சந்தி ரொட்டிக் கடைக்கு வரவழைத்தாள்.

"நான் அதை எழுதல அக்கா" என்றாள் குமுதா, உட்காருவதற்கு முன்பே. "சத்தியமா எழுதல. வெள்ளிக்கிழமை பூரா வேன்ல இருந்தேன், போனையே பார்க்கல. மறுநாள் எழுந்து பார்க்கிறப்ப பேஜே போயிருச்சு. ஹேக் பண்ணிட்டானுங்க. இல்லன்னா எவனோ காசு வாங்கிட்டுப் பேஜை மூடிட்டான். அவன் மட்டும் என் கையில கிடைச்சா..."

செல்வகுமார் சூடான தே தாரிக் தேநீரை அவசரமாக விழுங்கி வாயைச் சுட்டுக்கொண்டான். சிவமலர் அவனைத் தன் அலுவலக ஆள் என்றுதான் அறிமுகப்படுத்தியிருந்தாள்.

இரண்டாவது ஆள் தம்புசாமி. அறுபத்தெட்டு வயது. இதே பம்ப் அறையில், ஒப்பந்தக் கம்பெனி வருவதற்கு முன், இருபது வருஷம் வேலை பார்த்தவர். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா.

"அனைவரும் பசியாறியாச்சா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். "காலம் தாழ்த்தியமைக்கு மன்னிக்கணும். பேருந்து கிடைக்கல."

சபாபதி மேசைக்கு அடியில் சிவமலரின் காலைத் தட்டினார். அவள் பக்கம் சாய்ந்து, தான் கிசுகிசுப்பு என்று நம்பிய குரலில் சொன்னார்: "பாஸ், செந்தமிழ்! காலம் தாழ்த்தியமைக்காம். ஆள் கிடைச்சாச்சு."

"முதல் வரியைக் கவனிக்கலையா?" என்று மெல்லக் கேட்டாள் சிவமலர். "எவ்வளவு செந்தமிழ் பேசினாலும் பசியாறாம அவரால இருக்க முடியல."

மூன்றாவது ஆள் கிரிதரன். நாற்பத்தொரு வயது. விளம்பரப் பலகை செய்யும் கடை வைத்திருப்பவன். தவளைக்கு முகமும் தொப்பையும் கொடுத்தவன் அவன்தான். குமுதா எழுதுவாள், அவன் வரைவான். அவன் வந்ததிலிருந்து மூன்று முறை கைப்பேசியைக் காதில் வைத்து குரல் செய்தி கேட்டான். மூன்று முறையும் குரலிலேயே பதில் அனுப்பினான்.

"டெஃபினட்டா ஹேக்தான் சிஸ்டர்" என்றான். "கம்பெனிக்கு அவ்வளவு பவர் இருக்கு."

"இருக்கலாம்" என்றாள் சிவமலர். கைப்பையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். "அந்தப் பதிவை அச்சடிச்சு எடுத்து வந்திருக்கிறேன். கிரிதரன், நீங்க வரையிற ஆள், உங்க கண் கூர்மையா இருக்கும். இதைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?"

கிரிதரன் தாளை வாங்கினான். நெற்றியைச் சுருக்கினான். மேலிருந்து கீழ்வரை கண்ணை ஓட்டினான். பெருமூச்சு விட்டான்.

"இதேதான் சிஸ்டர். அந்தப் போஸ்ட். படிக்கவே வேதனையா இருக்கு."

"வேதனைதான்" என்று சபாபதி எட்டிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். "உட்காரவே முடியாத வேதனை. எங்க, கொடுங்க தலைவரே, சத்தமா படிக்கிறேன். 'மூல நோயால் அவதியா? கத்தியின்றி, இரத்தமின்றி, ஏழே நாளில் நிரந்தரத் தீர்வு.'"

பக்கத்து மேசையில் ரொட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"காலையில பிரிக்பீல்ட்ஸ் சிக்னல்ல யாரோ என் கையில திணிச்ச நோட்டீஸ்" என்றாள் சிவமலர். "கிரிதரன், உங்களுக்குத் தமிழ் பேச வரும். படிக்க வராது. அது குற்றமில்ல, என் கூடப் படிச்சவங்க பாதிப் பேருக்கு வராது. அந்தப் பதிவை எந்த மனுஷனும் எழுதல. எழுதச் சொன்னது மனுஷன், எழுதினது ஏஐ மெஷின். மெஷினுக்கு லோங்கா தெரியாது, பசியாறத் தெரியாது. பாடப் புத்தகத்தைத் தின்னு வளர்ந்தது அது. இந்த மூணு பேர்ல, மெஷின் எழுதினதைப் படிச்சுத் திருத்த முடியாத ஆள் நீங்க ஒருத்தர்தான். அதான் அப்படியே போட்டுட்டீங்க."

"கடைசியில 'குவாக் லா' மட்டும் நீங்களே சேர்த்தீங்களா?" என்றார் சபாபதி, மரியாதையுடன்.

கிரிதரன் தாளை மேசையில் வைத்தான்.

"குமுதா, ஐ ஆம் சாரி" என்றான். "ஒரு ஆளுக்கு ஷாக் அடிச்சிச்சுன்னு கேள்விப்பட்டேன். அதை இங்கிலீஷ்ல போட்டு, 'மேக் இட் சேட்', சோகமா எழுதுன்னு சொன்னேன். சாவை நான்தான் சேர்த்தேன். மூணு வருஷமா உண்மையைப் போட்டோம். என் கடை மெஷின் எல்லாம் வெள்ளத்துல போச்சு, அதை வரைஞ்சேன். எல்லாரும் தவளையைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. ஒரு போஸ்டுக்கு அறுபது லைக். இந்த ஒரு போஸ்ட், ஒரே நாள்ல நாப்பதாயிரம் ஷேர். வியாழக்கிழமை தண்ணி வருது குமுதா. யாராவது திரும்பிப் பார்க்கட்டும்னுதான்..."

"பார்த்தாங்க" என்றாள் குமுதா. அவள் குரல் ஆச்சரியமாகத் தணிந்திருந்தது. "பம்பைப் பார்க்கல. நம்மளைப் பார்த்தாங்க."

"அதுக்காகப் பேஜையே மூடணுமா?" கிரிதரன் சீறினான். "கம்பெனி ஆளுங்க கூட்டமா ரிப்போர்ட் பண்ணியிருப்பானுங்க. அவனுங்க வேலைதான்!"

செல்வகுமார் கோப்பையை நகர்த்திவிட்டு நிமிர்ந்தான். சிவமலர் லேசாகத் தலையசைத்துத் தடுத்தாள். அவன் கேட்கவில்லை.

"பேஜை மூடினது நான்தான் அக்கா."

குமுதா திரும்பினாள்.

"காசு எதுவும் வாங்கல. ஒன்றரை நிமிஷம்தான் பார்த்தேன், அதான் தப்பு. முன்னூத்திப் பன்னெண்டு ரிப்போர்ட். பேர் எங்களுக்குத் தெரியாது, எழுதினது மட்டும் தெரியும். அதுல முன்னூத்திப் பதினொண்ணு ஒரே வரி. 'தவறான'ங்கிற வார்த்தையில எல்லாருக்கும் ஒரே எழுத்துப் பிழை, எல்லாம் ஒரே மணி நேரத்துல வந்தது. இன்னைக்கு யோசிச்சா அது கூலிக்குச் செஞ்சதுன்னு தெரியுது. ஆனா எல்லாத்துக்கும் முதல்ல, காலைல ஆறு மணிக்கே வந்தது வேற மாதிரி. எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு: 'இது பொய். படித்த பின் எனக்குப் பசியாற மனம் வரவில்லை. இந்த ஒன்றை மட்டும் நீக்கி விடுங்கள்.'"

சபாபதி மெதுவாகத் திரும்பினார். சிவமலரும். கடைசியாகக் குமுதா.

தம்புசாமி பையிலிருந்த பேனாக்களை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"அங்கிள்?" என்றாள் குமுதா.

"ஆமாம்மா. நான்தான்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த அறையில நான் இருபது வருஷம் இருந்தவன். அங்க ஆள் செத்தா எனக்குத் தெரியாம இருக்குமா? எழுதினது நீன்னு நினைச்சேன். உன்கிட்ட கேட்கக் கூச்சமா இருந்துச்சு. பொய்யை மட்டும் எடுப்பாங்கன்னு நம்பி எழுதிட்டேன். தவளையையே எடுத்துட்டாங்க. மூணு நாளா எனக்குத் தூக்கம் இல்ல."

குமுதா தெருவில் நின்ற தன் வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வெள்ளத்தில் அதன் இருக்கைகளைக் கழற்றி வெயிலில் காயவைத்தவள் அவள். வாடை இன்னும் போகவில்லை.

"நம்ம ஆளு பொய் சொன்னான்னு நாமளே ஒத்துக்கிட்டா, நாளைக்கு எல்லாமே பொய்னு சொல்வானுங்க அக்கா."

"ஒத்துக்காட்டாலும் சொல்வாங்க" என்றாள் சிவமலர். தன் கைப்பேசியை எடுத்து வீடியோவை ஓடவிட்டாள். எஞ்சின் உறுமியது; மைனா புழுவுடன் உள்ளே நடந்து போயிற்று. "இதை நான் உங்களுக்குத் தரலாம். ஆனா முதல்ல ரஃபிக்குங்கிற ஒரு ஆள் உயிரோட இருக்கிறதை நீங்க சொல்லணும். அவர் பொண்டாட்டி ரெண்டு நாள் விதவையா இருந்திருக்கா."

குமுதா வீடியோவை இரண்டாம் முறை பார்த்தாள். மூன்றாம் முறை பார்க்கும்போது அவளையும் மீறி அவள் வாய் கோணிற்று. சிரிப்பு.

"கிரி, எழுந்திரு" என்றாள். "பம்ப் அறைக்குப் போறோம். அந்த ஆள்கிட்ட நீ நேர்ல மன்னிப்புக் கேட்கிற. மெஷின் வெச்சுக் கேட்காத, வாயால கேளு."

*

இரண்டு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது செல்வகுமார் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். மூன்றரைக்குக் குமுதாவின் அப்பீலில் புதிதாக ஒரு கடிதமும் ஒரு வீடியோவும் வந்து சேர்ந்தன. கடிதத்தில் பொய் எது, யார் சொன்னது, ஏன் சொன்னார் என்று மூன்றே வரிகள்.

அவன் பேஜைத் திறந்தான். அந்த ஒரு பதிவை மூடியே வைத்தான். முன்னூற்றுப் பதினோரு ரிப்போர்ட்டுகளையும் 'கூட்டுச் சதி' என்ற பெட்டியில் தள்ளினான். யாரும் தொடாத விளக்கக் கட்டத்தில் காரணம் எழுதினான். மொத்தம் இருபத்தாறு நிமிஷம் ஆயிற்று. ஒரு பதிவுக்கு ஒன்றரை நிமிஷம் என்ற கணக்கில் அது அந்த மாதத்தின் தாமதச் சாதனை. அவன் பெயருக்கு நேராகச் சிவப்புக் குறி விழுந்தது.

தவளையின் முதல் பதிவு மன்னிப்பு. அதற்கு அறுபது லைக்கூட வரவில்லை, நாற்பத்தொன்றுதான். ஆனால் இரண்டாவது பதிவான மைனா வீடியோவை வடிகால் இலாகாவின் பெண் இன்ஜினியர் ஒருவர் பார்த்தார். புதன்கிழமை அறிவிப்பில்லாமல் வந்தார். எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவே இருக்க வேண்டிய பாகம் மூன்று வருஷமாகவே இல்லை என்று கண்டார். வியாழன் காலை லோரியில் தற்காலிகப் பம்ப் ஒன்று வந்து இறங்கியது. மழை பெய்தது. தாமான் மெலூரில் தண்ணீர் லோங்காவின் விளிம்புவரை வந்து, கொஞ்சம் யோசித்து, இறங்கிப் போயிற்று. ஒப்பந்தக் கம்பெனி, மைனாக்கள்தான் பம்பைப் பழுதாக்கின என்று அறிக்கை விட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சிவமலரின் தொலைபேசி ஒலித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், செல்வா பேசறேன். இன்னைக்குக் காலை ஷிப்ட், சாப்பாட்டு பிரேக்ல வெளிய வந்தேன். தவளை மேல மறுபடியும் ரிப்போர்ட் வந்திருக்கு. எனக்கே வந்துருச்சு."

"கம்பெனியைப் பத்தியா?"

"இல்ல மேடம். என்னைப் பத்தி!"

அவன் மனப்பாடமாகச் சொன்னான்: 'உங்க பதிவு இருக்கலாமா வேணாமான்னு பார்க்க ஒரு அண்ணன் உட்கார்ந்திருக்காரு. ஒரு பதிவுக்கு ஒன்றரை நிமிஷம். அதுல ஒரு நிமிஷம் கொட்டாவி. மிச்ச அரை நிமிஷத்துல உங்க தலையெழுத்து. குவாக் லா!'

சபாபதி நாற்காலியோடு சேர்ந்து குலுங்கினார்.

"யாரோ 'பொய்த் தகவல்'னு ரிப்போர்ட் போட்டிருக்காங்க" என்றான் செல்வகுமார். "மத்ததெல்லாம் விட்டுடறேன் மேடம். ஒன்றரை நிமிஷம் உண்மைதான், அரை நிமிஷம்கூட உண்மைதான். ஆனா நான் வேலை நேரத்துல கொட்டாவியே விடமாட்டேன். அது மட்டும் சுத்தப் பொய்."

"அது கேலி, தம்பி" என்றாள் சிவமலர். "பொய்யில்ல. இருந்தாலும் நீங்களே முடிவு பண்ணுங்க. காலையிலேர்ந்து எத்தனை பதிவு பார்த்தீங்க?"

"இருநூத்தி... இருநூத்தி..."

சொல்லி முடிக்கவில்லை. நீளமாக, வாய் பிளந்து, அடக்கப் பார்த்தும் அடங்காத ஒரு சத்தம் ஸ்பீக்கர் வழியாக வந்து அறை முழுக்கப் பரவியது.

"இருக்கட்டும் மேடம்" என்றான் செல்வகுமார். "அந்தப் பதிவு இருக்கட்டும்."